கையிருப்பு குறைந்த ஆண்டில் ஊர்த் திருவிழா: ஊராட்சி எதற்குச் செலவு செய்யலாம், எப்படிச் செய்வது

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அம்மன் கொடையும் தேரும் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் வருகின்றன. ஊராட்சிக்கோ அதுதான் பணமும் தண்ணீரும் ஒருசேர வற்றிக்கிடக்கும் காலம். வீட்டுவரி வசூல் மார்ச் கடைசியில்தான் சூடு பிடிக்கும். மோட்டார் ரிப்பேர், லாரித் தண்ணீர் என்று கோடைச் செலவு அதற்கு முன்பே தொடங்கிவிடும். இந்த நேரத்தில் விழாக் குழுவினர் வந்து "ஊராட்சி சார்பில் எவ்வளவு தருவீங்க தலைவரே?" என்று கேட்பார்கள். முகதாட்சண்யத்துக்காக ஒரு தொகையை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிறகு வரும் சிக்கல் எல்லாம் அந்த ஒரு வாக்கிலிருந்துதான் வரும்.

தொகையைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். குடிதண்ணீர், தெரு வெளிச்சம், கழிப்பறை, குப்பை: இந்த நான்கும் ஊராட்சியின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, மற்றதைக் குழுவிடம் விடுங்கள். பூ அலங்காரத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் கரகாட்டத்துக்கும் எந்த வறட்சியிலும் உபயதாரர் கிடைப்பார். கழிப்பறை கழுவும் செலவுக்கு உபயம் செய்ய யாரும் முன்வருவதில்லை. யாரும் தராத, ஆனால் எல்லோருக்கும் வேண்டியிருக்கிற இடத்தில்தான் பொதுப்பணம் நிற்க வேண்டும்.

சட்டம் எதுவரை இடம் கொடுக்கிறது

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 110வது பிரிவு கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது: சாலை, தெருவிளக்கு, சாக்கடை, துப்புரவு, குடிநீர் போன்றவை. 111வது பிரிவு, நிதி இருந்தால் செய்யலாம் என்ற வகை. சந்தைகளும் திருவிழாக்களை ஒழுங்குபடுத்துவதும் அதில்தான் வருகின்றன. ஆகவே 110இல் உள்ளதை நிறுத்திவைத்து 111க்குச் செலவு செய்தால் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது. தெருவிளக்கு எரியாத ஊரில் மேடைக்குச் சீரியல் பல்பு போட்டால் மக்களும் கேட்பார்கள், தணிக்கையும் கேட்கும்.

முதலில் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஊர்த் திருவிழா ஊராட்சி ஒன்றியத் திருவிழாவாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். அப்படி இருந்தால் அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஒன்றியத்துடையது. சுற்று வட்டாரமே திரளும் பெரிய திருவிழாக்களைச் சிறிய ஊராட்சிகள் இது தெரியாமலே பல வருடங்களாகத் தங்கள் பொதுநிதியில் சுமந்துகொண்டிருக்கும்.

பூஜைச் சாமான், அபிஷேகம், அன்னதான அரிசி, கோயில் வண்ணப்பூச்சு எதுவும் ஊராட்சிக் கணக்கில் வரக்கூடாது. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 27வது பிரிவு. கூட்டத்துக்கான தண்ணீர், வெளிச்சம், சுகாதாரம் அந்தத் தடையில் வராது. கோயில் விழா, மாதா கோயில் தேர், தர்கா கந்தூரி எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். ஒன்றுக்குத் தண்ணீர் லாரி விட்டால் மற்றதற்கும் விடவேண்டும்.

தலைக்கட்டு வரி விஷயத்தில் கவனமாக இருங்கள். அது ஊர்ப் பெரியவர்களோ விழாக் குழுவோ வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்து வசூலிப்பது, ஊராட்சி வரியல்ல. ஊராட்சி ரசீதுப் புத்தகத்தை அதற்குக் கொடுக்காதீர்கள், ஊராட்சிப் பணியாளர்களை வசூலுக்கு அனுப்பாதீர்கள். சில தெருக்காரர்களிடம் தலைக்கட்டு வாங்க மறுக்கிற ஊர்களும் இருக்கின்றன. அங்கே ஊராட்சி தரும் தண்ணீரும் விளக்கும் துப்புரவும் எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில், ஒரே அளவில் போக வேண்டும். இதில் சமரசம் கிடையாது. தீர்மானத்திலேயே தெருப் பெயர்களை வரிசையாக எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு.

பணம் எந்தக் கணக்கிலிருந்து

கணக்கு எண் 1, அதாவது ஊராட்சிப் பொதுநிதி மட்டும்தான். மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டவேண்டிய பணம் இருக்கும் இரண்டாம் கணக்கையும், திட்ட நிதிக் கணக்குகளையும் தொடக்கூடாது. "அப்புறம் போட்டுக்கலாம்" என்று எடுத்த பணம் திரும்ப வந்து சேர்வது அரிது.

பொதுநிதியில் இருப்பதை முழுக்கக் கையிருப்பாக எண்ணிவிடாதீர்கள். மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்கு ஊராட்சி தரவேண்டிய மூன்று மாதச் சம்பளத்தைக் கழியுங்கள். ஒரு நீர்மூழ்கி மோட்டார் எரிந்தால் காயில் கட்டவும் குழாய் இறக்கி ஏற்றவும் ஆகும் தொகையைக் கழியுங்கள். நிலுவை பில்களையும் கழித்த பின் மிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழாவுக்குப் போகவேண்டாம் என்பது எங்கள் கருத்து. சட்டத்தில் அப்படி ஒரு எண் இல்லை. ஆனால் ஒரு எண்ணை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும் தலைவர்தான் குழுவின் முன் தடுமாறாமல் பேச முடியும்.

மத்திய நிதிக்குழு மானியத்தை விழாவுக்குப் பயன்படுத்த முடியாது. ஆனால் விழாவுக்கும் உதவுகிற நிரந்தர வேலைக்குப் பயன்படுத்தலாம். 15வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. பல ஊர்களில் மகளிர் சுகாதார வளாகம் பூட்டிக் கிடக்கிறது. அதன் கதவு, தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் மூடி ஆகியவற்றைச் சீர்செய்யும் வேலையை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, நடப்பு மானியத்தின் விதிகள் இடம் தருகிறதா என்று ஒன்றியத்தில் கேட்டுச் செய்தால், திருவிழாவுக்குக் கழிப்பறையும் ஆயிற்று, மறுநாளும் அது ஊருக்கு இருக்கும். வாடகைக் கழிப்பறைக்குக் கொடுக்கும் பணம் லாரியோடு போய்விடும்.

தீர்மானம் முதலில், செலவு பிறகு

கிராம சபை நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பங்குனி, சித்திரை விழா என்றால் ஜனவரி 26 கூட்டத்தில் பொருளாக வையுங்கள். ஆடி விழாவுக்கு மே 1. பொங்கலுக்கு நவம்பர் 1. கிராம சபையில் விவாதித்ததன் அடிப்படையில் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் உச்சவரம்போடு தீர்மானம் போடுங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியில் அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் ஒரு லோடு தண்ணீர்கூட ஆர்டர் செய்யவேண்டாம்.

தீர்மானத்தில் "திருவிழாச் செலவுக்காக" என்று ஒற்றை வரியில் எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இப்படி எழுதுங்கள்: "திருவிழாவின் இரண்டு இரவுகளிலும் பொதுமக்கள் பயன்பாட்டுக்காக 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் இரவுக்கு ஒன்று வீதம் 2 லோடு, 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு 60, தற்காலிகத் துப்புரவுப் பணியாளர் 8 பேர் இரண்டு நாட்கள். மொத்தம் இத்தனை ரூபாய்க்கு மிகாமல்." அளவு இருந்தால் பில்லைச் சரிபார்க்கலாம். அளவு இல்லாத தீர்மானத்தை எந்த பில்லோடும் பொருத்திவிடலாம், அதனால்தான் தணிக்கையாளர் அதை நம்புவதில்லை.

முடிந்த செலவுக்குப் பின்னேற்பு (செலவு செய்தபின் வாங்கும் ஒப்புதல்) வாங்கிக்கொள்ளலாம் என்று ஊராட்சிச் செயலரை நெருக்காதீர்கள். மோட்டார் உடைந்ததற்குப் பின்னேற்பு புரிந்துகொள்ளக்கூடியது. திருவிழா தேதி பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது.

நிதியாண்டுக் குழப்பத்தையும் முன்கூட்டியே தீருங்கள். பங்குனி உத்திரம் மார்ச் கடைசி வாரத்திலும் வரும், ஏப்ரலிலும் வரும். விழா மார்ச் 29இல், பில் ஏப்ரல் 5இல் என்றால் பணம் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலிருந்து போகும். அங்கே ஒதுக்கீடு இல்லாவிட்டால் கடைக்காரர் மாதக்கணக்கில் அலைவார், அடுத்த வருடம் விலையை ஏற்றிச் சொல்வார்.

தண்ணீர்

3,000 பேர் மாலை 5 மணி முதல் 10 மணி வரை கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் குடிக்க ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 4,500 லிட்டர். கை கால் கழுவவும் கழிப்பறைக்கும் இரண்டரை லிட்டர் என்றால் 7,500. மொத்தம் 12,000, அதாவது ஒரு பெரிய லாரி. குடிநீரை ஐந்து 1,000 லிட்டர் தொட்டிகளில் தனியாக நிரப்புங்கள். 250 பேருக்கு ஒரு குழாய் என்ற கணக்கில் 12 குழாய் வேண்டும். ஒரே இடத்தில் ஐந்து தொட்டியையும் வைத்தால் அங்கேதான் நெரிசல். தேரடி, கடைவீதி, பேருந்து நிற்கும் இடம் என்று பிரித்து வையுங்கள். குழாய்க்குக் கீழே ஜல்லி கொட்டாவிட்டால் ஒரு மணி நேரத்தில் சேறாகிவிடும், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்தே குழாய் இழுத்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யும் ஊர்களில் இரண்டாம் நாள் காலை மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. விழாவுக்கு வந்த விருந்தாளிகளால் வீடுகளிலும் அன்று தேவை கூடுதல். தெருக் குழாய்க்கு வழக்கமான தண்ணீர் வழக்கமான நேரத்துக்கு வரவேண்டும். விழாத் தண்ணீர் தனி.

லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்று நம்பாதீர்கள். 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 3 கிராம், 1,000 லிட்டருக்குப் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் சேரும். 5,000 லிட்டருக்கு 15 கிராம். தூளை அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. ஒரு கிண்ணத்தில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் கடைசிக் குழாயில் பிடித்துக் குளோரோஸ்கோப்பில் (நிறத்தை வைத்துக் குளோரின் அளவு காட்டும் சிறு கருவி) பாருங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை காட்டினால் போதும். நிறமே வரவில்லையென்றால் தண்ணீர் அழுக்கு, அல்லது பவுடர் பழசு. வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும். போன வருட மிச்சத்தை நம்பாமல் விழாவுக்கென்று புதிதாக ஒரு சின்னப் பை வாங்குவது பெரிய செலவல்ல.

கழிப்பறை

பெண்களுக்குத்தான் அதிகம் வேண்டும்; ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு இருக்கட்டும். மேலே சொன்ன கூட்டத்துக்குப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 6 இருந்தால் சமாளிக்கலாம். சுகாதார வளாகம் போக, அரசுப் பள்ளிக் கழிப்பறைகளைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காலையில் கழுவித் தருவதும் உடைந்ததைச் சரிசெய்வதும் ஊராட்சி பொறுப்பு என்று அதே கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள்.

இரவில் பெண்கள் பயன்படுத்தாமல் தவிர்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டடம் இல்லாததல்ல. போகும் வழியில் இருட்டு, உள்ளே தாழ்ப்பாள் இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் வார்டு உறுப்பினரும் செயலரும் தேரடியிலிருந்து அங்கே நடந்துபோய்ப் பாருங்கள். எந்த இடத்தில் விளக்கு வேண்டும் என்பது அந்த நடையில் தெரிந்துவிடும். செப்டிக் டேங்கை விழாவுக்கு முன்பே உரிமம் பெற்ற லாரி கொண்டு உறிஞ்சி எடுக்கச் செய்யுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் ஆளை உள்ளே இறக்கக்கூடாது.

வெளிச்சமும் மின்சாரமும்

60 குழல்விளக்கு, தலா 20 வாட் என்றால் 1.2 கிலோவாட். 100 வாட் ஃபிளட் லைட் ஆறு சேர்த்தால் 1.8. ஒலிபெருக்கிக்கு 3 என்று வைத்தாலும் 5 கிலோவாட்டுக்குள் அடங்கும். ஆனால் ஒப்பந்தக்காரர் 62.5 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்துவார். சரியான அளவுள்ள ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 3 யூனிட் கிடைக்கும். ஆறு மணி நேரத்துக்கு 10 லிட்டர். பெரிய இயந்திரத்தைச் சின்னச் சுமைக்கு ஓட்டினால் சும்மா சுழலவே டீசல் குடிக்கும், இரட்டிப்புக்கு மேல் செலவாகும். 10 அல்லது 15 கே.வி.ஏ. போதும் என்று விலைப்புள்ளி கேட்கும்போதே எழுதுங்கள்.

பொது விளக்குக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்பு கேட்டு இரண்டு வாரம் முன்பே மனு கொடுங்கள். குழுவின் அலங்கார விளக்குக்கு இணைப்பு குழுவின் பெயரில்தான். தெருவிளக்குக் கம்பியில் கொக்கி போடுவது குற்றம், உயிராபத்து. அந்த யூனிட்டும் ஊராட்சி பில்லில்தான் ஏறும். கொடியேற்றத்தன்று காலையும் விழா முடிந்த காலையும் தெருவிளக்கு மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். யாரோடும் வாதம் வேண்டியதில்லை, எண்ணே சொல்லிவிடும்.

எவ்வளவு பணமுடை இருந்தாலும் பாதுகாப்பில் கைவைக்காதீர்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். தேரின் உயரத்தை வெறும் தேராக அளக்காதீர்கள். கலசம், அலங்கார வளைவு, சீரியல் பல்பு எல்லாம் ஏற்றிய பின் அளந்து பாருங்கள். தேரோடும் வீதியில் ஒவ்வொரு கம்பிக் குறுக்கீட்டிலும் தரையிலிருந்து உயரத்தை மின்வாரியப் பணியாளரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். சாலை மேல் சாலை போட்டிருந்தால் போன வருட அளவு செல்லாது. தேர் நகரும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நிறுத்திய செய்தி வந்த பிறகே வடம் பிடிக்க வேண்டும். தற்காலிக இணைப்பின் தொடக்கத்தில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம், வயர் இணைப்புகள் இரும்புக் கம்பத்திலும் ஈரத் தரையிலும் படக்கூடாது.

ஒலிபெருக்கி விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம், அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேல் இல்லை. காவல்துறை அனுமதியைக் குழு வாங்கட்டும். நகல் ஒன்று ஊராட்சிக் கோப்பில் இருக்கட்டும்.

குப்பை

நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துகிறவர் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம்பிரித்துத் தரவேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லிவைத்தன. அந்தக் கடிதத்தை அன்னதானக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். 3,000 இலை என்றால் சோற்று மிச்சத்தோடு அரை டன் ஈரக்குப்பை. ஒரு டிராக்டர் டிரெய்லர் அன்றிரவே வேண்டும். விடியும்வரை விட்டால் நாயும் மாடும் தெரு முழுக்க இழுத்துப் போட்டுவிடும்.

பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தண்ணீர்ப் பாக்கெட், தெர்மோகோல் தட்டு எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. காகிதக் கப் பிளாஸ்டிக் இல்லையே என்று பலரும் நினைக்கிறார்கள், உள்பூச்சு பிளாஸ்டிக்தான். சமையல் பாத்திர வாடகைக் கடையில் 300 எவர்சில்வர் டம்ளரும் கழுவ இரண்டு அகல அண்டாவும் எடுத்தால், பத்தாயிரம் கப்பை வாங்கிப் பிறகு பொறுக்கும் செலவைவிடக் குறைவு.

கூடுதல் பணியாளர்களுக்குக் கூலியை வங்கிக் கணக்கில் கொடுங்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோடு. இரவு 10 முதல் 1 வரை ஒரு குழு, காலை 5 முதல் 8 வரை இன்னொரு குழு. ஒரே ஆட்களை இரண்டுக்கும் விடக்கூடாது. கையுறையும் காலையில் சூடான டீயும் டிபனும் விழாச் செலவில் சேர்த்தி. ஊர் கொண்டாடும்போது வேலை செய்கிறவர்கள் அவர்கள்.

உபயமும் வருவாயும்

உபயத்தைத் தொகையாக எழுதாமல் பொருளாக எழுதி வாங்குங்கள்: "ஜெனரேட்டர் 15 கே.வி.ஏ., 2 இரவு, டீசலும் ஆளும் உட்பட." தொகை சொன்னவர் பாதி கொடுத்துவிட்டு மீதிக்கு இழுத்தடிப்பார். பொருள் வாசலில் வந்து நின்றதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும்.

வருவாயும் இருக்கிறது. தற்காலிகக் கடைகளுக்குத் தரைவாடகை, ராட்டினத்துக்கு இட வாடகை, வண்டி நிறுத்தக் கட்டணம். இவற்றை முன்கூட்டியே தண்டோரா போட்டு ஏலம் விடலாம். கடைசி நேரத்தில் ஏலம் வைத்தால் ஒருவர்தான் வருவார். ஏலத்தொகை முழுவதையும் முதலில் வங்கியில் கட்டி, பிறகு செலவுக்கு எடுக்க வேண்டும். வசூலிலேயே கழித்துச் செலவு செய்துவிட்டு மீதியைக் கட்டுவதுதான் விழாக் கணக்குகளில் மிகுதியாக வரும் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளர் எழுதும் ஆட்சேபம். ஒரு பைசா கையாடல் இல்லாவிட்டாலும் தடை தடைதான். ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து விலைப்புள்ளி வாங்குவதும், மூன்று விலைப்புள்ளியும் ஒரே கையெழுத்தில் இருப்பதும் அடுத்தபடியாக வருபவை.

ஃபிளெக்ஸ், சால்வை, மாலை, வாணவேடிக்கை நான்கும் ஊராட்சிச் செலவில் கிடையாது.

ஊராட்சியே நடத்தும் சமத்துவப் பொங்கல்

இங்கே ஊராட்சிதான் வீட்டுக்காரர், ஆகவே செலவு சிறியதாகவும் பந்தி பெரியதாகவும் இருக்கவேண்டும். ஒரு கிலோ பச்சரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றரைக் கிலோ வெல்லம் போட்டால் 100 கிராம் வீதம் சுமார் 60 பேருக்குக் காணும். 300 பேருக்கு 5 கிலோ அரிசி, ஒன்றேகால் கிலோ பருப்பு, ஏழரைக் கிலோ வெல்லம், ஒரு கிலோ நெய். தெருவுக்கு ஒரு பானை என்று மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் பொருளாகக் கொடுங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போட்டால் மண் கடிபடும். அரிசி குழைவதற்கு முன்பே வெல்லம் சேர்த்தால் அதற்குப் பிறகு வேகாது. கோலப்போட்டி, உறியடி, சாக்கு ஓட்டத்துக்குப் பரிசாக எவர்சில்வர் பாத்திரம் போதும்.

கணக்கு முடிப்பது

விழா முடிந்த 15 நாளுக்குள் எல்லா பில்லும் வரவேண்டும் என்று ஆர்டர் கடிதத்திலேயே எழுதியிருங்கள். வரவு, செலவு, உபயப் பொருள் மூன்றையும் ஒரே தாளில் எழுதி அலுவலகப் பலகையில் ஒட்டி, அடுத்த கிராம சபையில் வாசியுங்கள். அதே கோப்பில் அடுத்த வருடத்துக்கான குறிப்புகளும் இருக்கட்டும்: இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு தொட்டியிலும் எத்தனை லிட்டர் மிச்சம் இருந்தது, எந்தக் குழாயில் வரிசை நின்றது, எத்தனை இலை விழுந்தது, தெருவிளக்கு மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது.